பால் மறக்கடிக்க வந்தவள்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. "அவங்களும் பாவந்தானே, வயசாயிடுச்சு" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கே எனக்கு எப்போதும் வேலை இருக்கும்.

என் கணவர் வளைகுடாவுக்குப் போனபோது நான் முழுகாமல் இருந்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த காலம் அது. இவரும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார். "அக்கா வந்து கூட இருக்கும், நீ ஒண்ணுக்கும் கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டோம் என்று உள்ளூர சந்தோஷப்பட்டவள் நான். அந்தக் குறையைத் தீர்க்க நாத்தனார் வந்து சேர்ந்தாள். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டில் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. புருஷன் தோப்பே கதி என்று கிடப்பவர். அதனால் மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்ள அவளுக்கு ஒரு தடையும் இல்லை.

மகள் பிறந்தாள். குழந்தை வளர்ப்பதைப் பற்றி இப்போதெல்லாம் ஆகா ஓகோ என்று பேசுகிறார்கள். எனக்கு நினைவிருப்பது இடுப்பு வலியும் ஈரத்துணியும்தான். தூளியை ஆட்டுவதை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். நடக்கத் தொடங்கியதும் கொல்லைப்பக்கம் ஓடி மண்ணைத் தின்றாள், கோழித் தீவனத்தைத் தின்றாள். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று நான் உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் படித்துறையில் நின்றாள். தூக்கிக்கொண்டு வந்து முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். சோறு குழைந்துபோயிற்று. "ஒரு புள்ளையப் பாத்துக்க வக்கில்ல" என்றாள் நாத்தனார், முறத்தில் இருந்து தலையைத் தூக்காமல்.

பல் முளைத்தபோது கடித்தாள். வலி உயிர் போகும். 'சனியனே' என்று திட்டிக்கொண்டேதான் பால் கொடுத்தேன். ஆனாலும் அந்த நேரம் என்னுடையது. நாத்தனார் குளிப்பாட்டுவாள், பவுடர் போடுவாள், தெருவெல்லாம் இடுப்பில் வைத்துக்கொண்டு அலைவாள். பசித்தால் மட்டும் என்னிடம்தான் கொண்டுவந்து தர வேண்டும். மகள் "பாச்சி" என்று கையை நீட்டிக்கொண்டு என்மேல் பாயும்போது நாத்தனாரின் முகத்தைப் பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

என் கணவர் முதல் லீவில் வருவதாக முடிவாயிற்று. மகளை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். வருவதற்கு முன்பே ஊருக்கு வந்த ஒருவரிடம் பால் பவுடர் டின்களும், அரபி எழுத்து போட்ட பெரிய தேன் பாட்டிலும் கொடுத்தனுப்பினார். டின்களை என்னிடம் நீட்டிவிட்டு, தேன் பாட்டிலை நாத்தனார் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

"அவன் வர்றதுக்குள்ள புள்ளைக்குப் பால மறக்கடிச்சிரணும்" என்றாள். "ரெண்டு மாசம் லீவுல வர்றவன், இது நடுவுல கெடந்து பாச்சி பாச்சின்னு கத்துனா அவன் எங்க போவான்? அடுத்து ஒரு ஆம்பளப் புள்ள வேணாமா?"

மறுநாளே வேப்பிலையை அம்மியில் வைத்து மையாக அரைத்துக்கொண்டு வந்தாள். என் ரவிக்கையைத் தானே தளர்த்தி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவள் மாதிரி பூசினாள். மகள் வந்தாள், வாய் வைத்தாள். முகம் அஷ்டகோணலாகப் போயிற்று. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் முந்தானையை இழுத்து, சிலேட்டைத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்துவிட்டுக் குடிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாத்தனார் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அவள் விடவில்லை. தினமும் அரைத்தாள், தினமும் பூசினாள். மகள் தினமும் முகத்தைச் சுளித்தாள், துடைத்தாள், குடித்தாள். கடைசியில் அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. அம்மிச் சத்தம் கேட்டாலே முந்தானையைத் தேடிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள். வாசல் வேப்பமரத்தடியில் உதிர்ந்த இலையை எடுத்து மென்றுகூடப் பார்த்தாள். என் பெண் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்த புதிது. வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மதியம் என் கணவர் பூத்துக்குக் கூப்பிடுவார். முதலில் அக்காதான் பேசுவாள். என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து நெடுநேரம் பேசிவிட்டு, போனால் போகிறது என்று ரிசீவரை நீட்டுவாள். அன்றும் அப்படித்தான்.

"அக்கா சொல்றதக் கேளேன்" என்றார். "கொஞ்ச நாளு புள்ளையப் பேராவூரணிக்கு அழைச்சிட்டுப் போவுது. நீ கண்ணுல படாம இருந்தா தானா மறந்துரும்."

"உங்க மவளப் பாக்கத்தானே வர்றீங்க?"

"பாக்காம எங்க போறேன்? நீ எதுக்கெடுத்தாலும் வம்பு பண்ணாத."

கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், ஒரு நாள்கூடக் கையில் தூக்காத குழந்தையின் வாயிலிருந்து என்னைப் பிடுங்க உத்தரவு போடுகிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாத்தனார் பஸ் ஏறியபோது நான் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

போகும்போது பூக்காரியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், தினமும் எனக்கு மல்லிகைப்பூ கொடுக்கும்படி. தலையில் வைக்க அல்ல. "நெஞ்சுல வச்சுக் கட்டிக்க. பால் வத்திரும்" என்று பஸ் படியிலிருந்தே சொன்னாள். எங்கள் பக்கத்தில் பால் நிற்க அதுதான் வைத்தியம். பூவைப் பரப்பி வைத்து, துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

கட்டினேன். மார்பு கல்லாகக் கனத்தது, காய்ச்சல் அடித்தது. பீய்ச்சிய பாலைக் கால் படாத இடமாகப் பார்த்து வாழைக்கன்றின் அடியில் ஊற்றினேன். வாடிய மல்லிகையும் புளித்த பாலும் கலந்து என்மேல் ஒரு வாடை வந்தது, எனக்கே குமட்டியது. தூளி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரக் கடைசியில் பூக்காரி புதுப் பூப்பந்தைக் கையில் கொடுத்துவிட்டு, "எளச்சிட்டியேம்மா, புருஷன் வர்ற நேரத்துல" என்றாள். நான் அந்தப் பூவை நெஞ்சில் கட்டவில்லை. தலையை வாரி, கொண்டையில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டினேன்.

தஞ்சாவூர் போய் பட்டுக்கோட்டை பஸ் பிடித்தேன். ஒரத்தநாடு தாண்டியதும் பின் சீட்டில் யாருடைய குழந்தையோ அழுதது. என் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டு, "புள்ளைய எங்கம்மா உட்டுட்டு வர்ற?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோப்பு வீட்டில் முன்கதவு திறந்து கிடந்தது. யாரும் இல்லை. பின்கட்டுக்குப் போனேன். தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் நாத்தனார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் என் மகள். சேலைத்தலைப்பு குழந்தையின் முகத்தை மூடியிருந்தது. "அம்மா சொல்லு... அம்மா... எங்க, சொல்லு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். கட்டில் காலடியில் அந்தத் தேன் பாட்டில் திறந்திருந்தது. எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் இரண்டு எட்டு முன்னால் வைத்தேன்.

"அண்ணி" என்றேன்.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். மகளின் உதட்டிலும் கன்னத்திலும் தேன் பிசுபிசுத்தது.

"அழுதா... வாய்க்குச் சும்மா வச்சேன்" என்றாள். அவள் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"எனக்குத் தடவுனது வேப்பில. உங்களுக்குத் தேனா?"

அவள் தேன் பாட்டிலைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு பழைய நாத்தனார் திரும்பி வந்தாள். "பாப்பா பழகிட்டா. கூப்பிட்டுப் பாரு, வர மாட்டா" என்றாள்.

கூப்பிட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். யாரோ ஊரார் வந்ததுபோலப் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையை ஒடித்துப்போட வேண்டும் என்று தோன்றியது. மகளைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். அவள் வீல் வீல் என்று கத்தி, என் கொண்டைப் பூவைப் பிய்த்து எறிந்தாள். பின்னால் நாத்தனார் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். தோப்பு வேலி வரைக்கும் வந்துவிட்டு நின்றுவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பேராவூரணி பஸ் ஸ்டாண்டில் ஓரமாக ஒரு திண்டில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டேன். வாயைக் கொண்டுபோய் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன், என் கன்னத்தில் அறைந்தாள். கெஞ்சினேன். திட்டினேன். நாக்கால் உதட்டை நக்கி நக்கி அந்தத் தேனைத் தேடினாள். மார்பிலிருந்து பால் தானாக வழிந்து அவள் சட்டையில் இறங்கியது. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. என் வாழ்க்கையில் யாருக்கும் நான் அவ்வளவு வேண்டாதவளாக இருந்ததில்லை. அழுதுகொண்டே அண்ணாந்தேன்.

திண்டுக்கு மேல் வேப்பமரம்.

எழுந்து நின்று தாழ்ந்த கிளையை எட்டி ஒரு கொத்தைப் பிய்த்தேன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். அம்மி இல்லை, கையாலேயே நசுக்கிச் சாறு வரும் வரைக்கும் தேய்த்தேன். அந்தச் சாற்றை என் மார்பில் நானே பூசிக்கொண்டேன். முந்தானையை மூடி அவளை உள்ளே இழுத்தேன்.

திமிறல் நின்றது. மோந்து பார்த்தாள். வாய் வைத்தாள். முகம் அஷ்டகோணலாயிற்று. நிமிர்ந்து, முதல் தடவையாக என்னைச் சரியாகப் பார்த்தாள். பிறகு முந்தானையின் நுனியைத் தேடி எடுத்து, அழுத்தித் துடைத்தாள்.

பட்டுக்கோட்டை பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.