கா கா என்றால் பூனை வரும்

எங்கள் மொட்டைமாடியில் நின்று கா கா என்று கூப்பிட்டால் காக்கை வராது. பூனை வரும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒன்று, துணிக்கொடிக்கு அடியிலிருந்து ஒன்று, பக்கத்துக் கட்டடத்து சன்ஷேடிலிருந்து தாவி இன்னொன்று. வெளியாட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தி. நகரில், கடைத்தெரு இரைச்சல் கேட்டும் கேட்காமலும் வந்து சேர்கிற ஒரு குறுக்குத்தெரு. மூன்று மாடி, ஒரு லிஃப்ட். அதுவும் பாதி நாள் படுத்துவிடும். அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை என்பதுதான் என் தகுதி.

இந்தப் பழக்கத்தைப் பூனைகளுக்கு ஏற்படுத்தியது மேல்மாடி அண்ணாச்சியின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி நானும் அவளை மதினி என்றுதான் கூப்பிட்டேன். அண்ணாச்சிக்குக் கடைத்தெருவில் சின்ன ஜவுளிக்கடை. காலையில் போனால் ராத்திரிதான் வருவார். மதினி சமைத்துக் கடைக்குக் கேரியரை அனுப்பிவிட்டு மாடிக்கு வருவாள். கா கா என்று இழுத்துக் கூப்பிட்டு, கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பாள். அது தின்று முடிக்கும்வரை பூனைகளைக் கையை ஓங்கி நிறுத்திவைப்பாள். பிறகு அவற்றுக்கும் ஆளுக்கொரு பிடி.

எல்லாரும் தின்று முடித்த பிறகு தொட்டி நிழலில் காலை நீட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு அவள் சாப்பிடுகிற நேரமும், நான் காய்ந்த துணி எடுக்கப் போகிற நேரமும் ஒன்றாக இருக்கும். வெயில் தணியத் தொடங்கியிருக்கும். கடற்காற்று கட்டடங்களுக்குள் நுழைந்து, வழி விசாரித்துக்கொண்டு வருகிற மாதிரி மெதுவாக வந்து சேரும். புடவைகள் உப்பி எழும், அமரும். பேசிக்கொண்டே இருப்போம், பேச்சு பாதியில் நின்றுபோகும், எதைப் பற்றிப் பேசினோம் என்பதும் மறந்துபோகும். பூனைகள் தூங்கும். கீழே தெரு இருப்பதே நினைவில் இராது. மாடி மட்டும் தனியாக எங்கோ மிதந்து போகிறது என்று தோன்றும். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான நேரம் வேறு இருந்ததில்லை.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அண்ணாச்சி காலையில் அவசரமாகச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினார். கையை ஓங்க ஆளில்லை. பூனைகள் சோற்றைத் தின்றன. தொட்டிக்கு அடியில் குட்டி போட்டிருந்த சாம்பல் பூனை, கிட்டே வந்த காக்கை மேல் பாய்ந்து இறகைப் பிய்த்தது. காக்கைகளுக்கு அவமானம். கூட்டமாக எதிர்க் கல்யாண மண்டபத்து வேப்பமரத்துக்குக் குடிபோய்விட்டன. குட்டிகள் வளர்ந்தன, அவையும் குட்டி போட்டன. மாடிப்படியில் நாற்றம், ஸ்கூட்டர் சீட்டெல்லாம் கந்தல். குடியிருப்போர் கூட்டத்தில், எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, கிண்டிக் காட்டுப் பக்கம் விட்டுவிடலாம் என்று அண்ணாச்சிதான் முதலில் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மதினி கையால் தின்ற பூனைகளையா?

மறுநாள் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"ஏம்மா, அவ போனதுலேர்ந்து ஒரு அமாவாசைக்குக்கூடக் காக்கா இறங்கலை. என் மேல கோவமா இருக்காளோன்னு தோணுது. வருசத் திதிக்காவது அவ வந்து ஒரு வாய் எடுக்கணும்."

உயிரோடு இருந்தபோது, சாப்பிட்டாயா என்று ஒரு நாள் கேட்டிருக்கலாமே என்று என் வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். சாக்கில் கட்டி விட்டால் பத்து நாளில் அடுத்த தெருப் பூனைகள் வந்து இடம்பிடிக்கும் என்று சொன்னேன். கருத்தடை செய்து இங்கேயே திரும்ப விடலாம். குட்டி இல்லையென்றால் பாய்ச்சலும் இருக்காது. திதிக்குள் மாடி அடங்கிவிடும் என்றேன். அவர் நம்பாமல் நின்றார். அன்றைக்கும் காக்கை வராவிட்டால் உங்கள் சாக்குக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். காக்கைக்காக வாக்குக் கொடுக்க நான் யார்?

கூண்டு வாடகைக்குக் கிடைத்தது. கீழ்வீட்டு பாய் குடும்பத்தார் பெரிய மனசு பண்ணி மீன் வறுத்துக் கொடுத்தார்கள். பூனைகள் வந்தன, கூண்டைச் சுற்றின, எங்களைப் பார்த்தன, போய்விட்டன. மறுநாளும் அதே கதை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஆட்டோக்காரர் மீட்டரையும் போடாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கடைசியில் எனக்கு ஒரு யோசனை. பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு பிசைந்து, வாழையிலைத் துண்டில் வைத்துக் கூண்டுக்குள் தள்ளிவிட்டு, மதினி இழுக்கிற மாதிரியே இழுத்துக் கா கா என்று கூப்பிட்டேன். சாம்பல் பூனை யோசிக்கவே இல்லை. நேரே உள்ளே போனது.

"இன்னாக்கா இது, காக்கான்னு கூப்ட்டா பூன வந்து வுழுது" என்றார் ஆட்டோக்காரர். வடபழனி தாண்டுகிறவரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஒவ்வொன்றாகப் பிடித்தோம். அறுவை முடிந்த அடையாளமாக இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டி அனுப்பினார்கள். காயம் ஆறும்வரை அவற்றுக்கு என் வீட்டுப் பின்பக்கக் குளியலறைதான். மயக்கம் தெளியாத பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை வேறெங்கோ இருக்கும். வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து நான் காவல் இருந்தேன். குழாய் சொட்டும். ஜன்னல் வெளிச்சம் ஓடுகளின் மேல் மெல்ல நகரும். எனக்கும் கண் சொக்கும். மேலே யாரோ எவர்சில்வர் தட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டு விழித்துக்கொள்வேன். யாரும் இருக்கமாட்டார்கள். மதினி இல்லாதது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. பூனையைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

மாடியில் திரும்ப விட்ட பிறகு புதுக் குட்டிகள் இல்லை, சண்டை இல்லை. சாம்பல் பூனை ஊதிப்போய், தொட்டி நிழலே கதியென்று கிடந்தது. படிக்கட்டு நாற்றமும் போயிற்று. எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது, ஒன்றைத் தவிர. காக்கைகள் வேப்பமரத்தை விட்டு இறங்கவில்லை.

திதியன்று, வெளியூரிலிருந்து வந்திருந்த மகனும் உறவுக்காரர்களும் மதினிக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி, உளுந்தவடை, பாயசம் எல்லாம் வைத்துப் படைத்தார்கள். அண்ணாச்சி கடையைத் திறக்கவில்லை. இலையை ஏந்திக்கொண்டு அவரே மாடிக்கு வந்தார். நானும் போனேன். சுவரில் இலையை வைத்துக் கா கா என்றார். வேப்பமரத்தில் அசைவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார்.

தொட்டி நிழலிலிருந்து சாம்பல் பூனை எழுந்து வந்தது.

அதை விரட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் சுவரில் ஏறி, வடையை ஒதுக்கித் தள்ளிவிட்டு நெய்ச்சோற்றில் வாய் வைத்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணாச்சி விரட்டவில்லை. கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் சாக்கு தெரிகிறதா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. பூனை நிதானமாகத் தின்றது. போதும் என்று தோன்றியதும் குதித்து இறங்கி, பழைய இடத்தில் போய்ப் படுத்து, முன்னங்காலை நக்கத் தொடங்கியது.

சுவரில் ஒரு நிழல் விழுந்தது. ஒற்றைக் காக்கை. கழுத்தைச் சாய்த்துப் பூனையைப் பார்த்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டது. காக்கை தத்தித் தத்தி இலைக்கு வந்து, சிதறிக்கிடந்த பருக்கைகளைக் கொத்தத் தொடங்கியது.

அண்ணாச்சி துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார். என்னிடம் இல்லை, சும்மா சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"அவ என்னைக்கு முதல்ல சாப்பிட்டிருக்கா?"

கீழேயிருந்து அவர் மகன் கூப்பிட்டான். இலை போட்டாயிற்று, எல்லாரும் பசியோடு இருக்கிறார்கள், வரலாமே என்றான். அண்ணாச்சி திரும்பவில்லை.

"அவ முடிக்கட்டும். நான் நிக்கேன்."

தொட்டி நிழல் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே ஒதுங்காமல், வெயிலிலேயே நின்றார்.