அத்தையின் மனோரஞ்சிதம்

செவிலிமேட்டில் ஒரு வீட்டு மதிலைத் தாண்டி மனோரஞ்சித வாசனை வந்தது. நின்றுவிட்டேன்.

அறுபதுகளில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்தக் கொடியை வளர்த்தவள், கண் தெரியாத என் அத்தை. பச்சை இலைகளுக்குள் பச்சையாகவே ஒளிந்திருக்கும் பூ எங்கள் கண்ணில் படாது. அத்தை மோந்தே கண்டுபிடித்துப் பறித்துவிடுவாள்.

வாசனைக்குப் பாம்பு வரும் என்று தெருவே பயமுறுத்தியது. ஒருநாள் அப்பா நெசவை நிறுத்திவிட்டு வெட்டுக்கத்தியோடு வந்தார்.

"வெட்டாத தம்பி. இந்த வாசனைய புடிச்சிக்கினுதான் நான் தனியா கெணத்தாண்ட வரேன். இது இல்லன்னா யார் கையயாவது புடிக்கணும்" என்றாள் அத்தை.

அப்பா சுற்றியிருந்த புதரை மட்டும் வெட்டித் தரையைச் சுத்தமாக்கினார்.

"இனிமே பாம்பு வந்தா எங்க கண்ணுல பட்டுடும்க்கா. நீ பாட்டுக்கு வா" என்றார்.

மறுநாள் காலை அவர் உட்காரும் தறியின்மேல் ஒரு பூ இருந்தது.