சந்தனம் பூசிய லைட்

அம்மாவின் தம்பியான என் மாமா, புது மோட்டார் சைக்கிள் வாங்கியதும் முதலில் கம்பளையில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குத்தான் கொண்டுபோனார். எனக்கு அப்போது எட்டு வயது. மாமா கவனமானவர். எனக்கென்று பக்கத்து வீட்டில் ஒரு ஹெல்மெட்டை இரவல் வாங்கி, நாடி வலிக்க வாரை இறுக்கியிருந்தார். ஐயர் கற்பூரம் காட்டினார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு முன் லைட்டின் கண்ணாடி முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் இட்டார். மாமாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

மலைமேல் புசல்லாவையிலிருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது பின்னேரம் நாலு மணி இருக்கும். பாதி ஏற்றத்திலேயே பனி மூடிவிட்டது. மாமா லைட்டைப் போட்டார். பாதையில் வெளிச்சமே விழவில்லை.

"மாமா, சந்தனத்தத் தொடச்சிருவமா?"

"பேசாம இரு. இன்னைக்கே தொடச்சா சாமி குத்தம். ஒங்கம்மா என்னைய வீட்டுக்குள்ளயே விடாது."

வேகத்தை மட்டும் குறைத்தார். பிள்ளைகளே, எதிரே வருகிறவர் நம்மைக் காண்பதற்கும்தான் அந்த லைட் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வளைவுக்கு முன்னால் ஒரு பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள், ஒரு லொறியை முந்திக்கொண்டு நேராக எங்கள் பக்கம் வந்தன. மாமா ஹோர்னை அமுக்கியபடியே கைப்பிடியை இடது பக்கம் ஒடித்தார். வண்டி பாதையோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சாய்ந்தது. நான் தெறித்துப்போய்ப் புல்மேட்டில் விழுந்தேன்.

பஸ் நின்றது. கண்டக்டர் ஓடிவந்தார்.

"ரோட்டுல ஒண்ணுமில்லேன்னுதானே தம்பி முந்துனோம். ஒங்க லைட்டே தெரியலியே."

மாமா வண்டியைத் தூக்க வந்தவர்களையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"எந்திரி. அந்தக் கல்லு வரைக்கும் நட."

நடந்தேன்.

"திரும்பி வா. ரெண்டு கையையும் தூக்கு."

தூக்கினேன். இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்ததால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கையை வீசி நடந்து காட்டினேன்.

"நீங்களும் வாங்க மாமா," என்றேன்.

"நீ நட. நான் பாக்குறேன்."

அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் ஏன் வேர்க்கிறது என்று நான் யோசிக்கவில்லை. என்னை இத்தனை தடவை நடக்கவிட்டு, இவர் மட்டும் வண்டிக்கடியில் காலை நீட்டிச் சோம்பேறியாய் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.