பதிலுக்குக் காத்திருந்தவர்

நாகல் நகர் கேபிள் டிவி ஒன்றில் நான் மாலைச் செய்தி வாசித்த காலத்தில், அங்கிருந்த கருவிகளுக்குப் பொறுப்பாக டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். கரண்ட் போய் வந்தால், ஒரேயடியாகப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும் என்று ஒவ்வொன்றாகத்தான் போடுவார். முதலில் ரிசீவர், பிறகு பிளேயர், மிக்சர், கடைசியாக ஆம்ப்ளிஃபயர். அந்தக் கடைசி சுவிட்சைத் தொடுமுன் கருவிகள் அடுக்கியிருந்த ரேக்கின் பின்பக்கம் பார்த்து, "மாப்ளே, கைய எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுச் செத்த நேரம் நிற்பார். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

"யாரைண்ணே கேக்குறீங்க?" என்றேன் ஒருநாள்.

"இப்ப யாருமில்ல தம்பி. அன்னைக்கு அவன் இருந்தான். நான் கேக்காம போட்டுட்டேன்."



பிறகு ஒரு மாலை, கழன்றுபோன மைக் வயரைச் செருக நான் ரேக்கின் பின்னால் குனிந்திருந்தேன். அப்போது கரண்ட் வந்தது. நான் இருப்பது தெரியாமலே அவர் வந்து ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசியில் வழக்கம்போலக் கேட்டார்.

"எடுத்துட்டேன்" என்றேன்.

சுவிட்ச் விழும் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீயா தம்பி" என்றார்.

நிம்மதியில் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அது ஏமாற்றம் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.