ஒன்றரை அங்குலம்

எனக்கு மரவேலை தெரியாது. திண்டுக்கல்லில் முப்பது வருஷம் பம்புசெட்டு உதிரிபாகம் விற்றவன் நான். இரும்பு சொன்ன பேச்சு கேட்கும். பேரிங் வேண்டும் என்று வந்தால் நம்பரைக் கேட்டு எடுத்துக் கொடுப்பேன். தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினால் அது பாட்டுக்கு உட்கார்ந்துகொள்ளும். மரம் அப்படி இல்லை என்பதை அறுபது வயதுக்கு மேல், வீட்டுக் கார் ஷெட்டில், இடது கையில் மூன்று தையலோடு தெரிந்துகொண்டேன்.

என் மனைவி எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவள். கல்யாணத்துக்கு முன்பே வாசிக்க ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தன்று ஒருநாள் மட்டும் வேறு ஆளிடம் விட்டுக்கொடுத்தவள். அந்த ஆள் வாசித்ததில் எங்கெங்கே தப்பு என்று அன்று மாலையே எனக்கு வரிசையாகச் சொன்னாள். ஆர்கனில் கைக்கு இரண்டு அடுக்குக் கட்டைகள் உண்டு. காலுக்கும் தனியாக உண்டு. நீளநீளமான முப்பத்திரண்டு மரக்கட்டைகள் கீழே வரிசையாக இருக்கும். அவற்றை மிதித்தால் அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி ஒரு கனத்த சத்தம் வரும். வாசிக்கும்போது அவள் குனிந்து பார்த்தே நான் கண்டதில்லை. கேட்டால், "நீங்க படியேறும்போது குனிஞ்சா பாக்குறீங்க?" என்பாள். நான் குனிந்துதான் பார்ப்பேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

நடுக்குவாதம் முதலில் அவளுடைய வலது கையில் வந்தது. மதுரையில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த மருந்து நன்றாகக் கேட்கும் காலம் ஒன்று உண்டு, அதற்கப்புறம் எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வாசிக்க ஆசை இருந்தால் இப்போதே வாசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவரை அடிக்கலாம் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாட்டின் மூன்றாவது சரணத்தில் அவள் கை கட்டைமேல் அப்படியே நின்றுவிட்டது. எடுக்க வரவில்லை. ஒரே சுரம் ஊதிக்கொண்டே இருந்தது. சபையார் கொஞ்ச தூரம் தாங்களாகவே பாடிப் பார்த்து, பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். அவள் ஆர்கன் இருக்கும் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு ஏறவே இல்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சில வாரம் கழித்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "வீட்டுல ஒண்ணு இருந்தா, யாருக்கும் தெரியாம நாம்பாட்டுக்குத் தப்புத்தப்பா வாசிச்சுக்குவேன்."

இத்தனை வருஷத்தில் மிக்சியைத் தவிர என்னிடம் எதையும் கேட்காதவள். ஆர்கனை முழுசாக வாங்க நம்மால் ஆகாது. ஆனால் இணையத்தில் தேடியபோது உலகத்தில் என்னைப் போல நிறைய கிறுக்கர்கள் இருப்பது தெரிந்தது. சாதாரண கீபோர்டு இரண்டை அடுக்கி வைத்து, கம்ப்யூட்டர் வழியாக ஆர்கன் சத்தம் வரவழைக்கிறார்கள். அவற்றைத் தாங்கும் மேசை, பெஞ்ச், காலுக்கான கட்டை எல்லாவற்றையும் தாங்களே மரத்தில் செய்துகொள்கிறார்கள். கம்ப்யூட்டர், ஒயரிங் எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் செய்கிற ஒருவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மிச்சம் மரப்பெட்டிதானே, செய்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன்.

சிறுமலையில் மிளகுக்கொடி ஏற்றுவதற்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தை முதலில் வாங்கினேன். மரக்கடை பாய் மூன்று தடவை சொன்னார்: "பச்சை மரம் சார். நெழல்ல போட்டு மூணு மாசம் விடுங்க. அவசரப்பட்டா உங்களைக் கவுத்துரும்." மூன்று மாசத்தை யார் தருவது? டாக்டர் தருவாரா? வாங்கி வந்த வாரமே அறுத்து, இழைத்து, பசை போட்டு நிறுத்தினேன். சித்திரை வெயிலில் பலகை எல்லாம் சுட்ட அப்பளமாக நெளிந்தது. அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். மரத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டார்.

பிறகு இடித்த வீட்டுத் தேக்குக் கதவுகளை வாங்கி வந்து மறுபடி தொடங்கினேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஷெட்டில் என்னோடு உட்கார்ந்திருப்பாள். நான் அறுக்கும்போது நடுங்காத இடது கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். மூலைகளில் இடைவெளி விழுந்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பிவிடுவேன். "யாரு பாக்கப் போறா, விடுங்க" என்பாள். மேசையும் பெஞ்சும் ஒரு மாதிரி வந்துவிட்டன. அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆடாமல் நின்றன.

கால் கட்டைதான் எனக்கு வசப்படவில்லை. முப்பத்திரண்டு கட்டைகளும் ஒரு சட்டத்தின் பள்ளங்களில் உட்கார வேண்டும். ஒரு பள்ளம் தள்ளிப்போனால் அடுத்தது எல்லாம் தள்ளிப்போகும். இரண்டு சட்டத்தைப் பாழாக்கிய பிறகு, எங்கள் வீட்டுக்குக் கதவு ஜன்னல் செய்த அகரம் ஆசாரியிடம் போனேன். என் வயதுக்காரர், கையில் வித்தை உள்ளவர். சர்ச் ஆர்கனில் உள்ள அளவிலேயே பிளானைக் காகிதத்தில் போட்டு, அளவெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

"இது என்னண்ணே, ஏணியப் படுக்கப் போட்ட மாரி இருக்கு?"

"என் வீட்டுக்காரி காலால வாசிக்கிறது. அவளுக்கு ஒடம்பு முடியல. சீக்கிரம் வேணும்."

அவர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். இரண்டே வாரத்தில் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வேலையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கட்டை ஒவ்வொன்றும் மிதித்தால் இறங்கி, விட்டால் சத்தமில்லாமல் மேலே வந்தது. சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கியவர், சட்டத்தின் அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மாத்திரை போட்டு, அது வேலை செய்கிற நேரம் பார்த்து அவள் உட்கார்ந்தாள். மெதுவான ஒரு பாட்டைத்தான் எடுத்தாள். கை நடுங்கினாலும் சமாளித்தாள். கால்தான் தப்பியது. நடுவில் மிதிக்கும்போது சரியாக இருந்தது. ஓரத்துக்குப் போனால் இரண்டு கட்டைகளைச் சேர்த்து மிதித்தாள். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் அதே தப்பு.

"பழக்கம் விட்டுப்போச்சு, அதேன். கவனிச்சு வையி" என்றேன்.

பத்து நாள் அவளை அப்படித்தான் விரட்டினேன். ஒருநாள் கொஞ்சம் கத்தியும்விட்டேன். அவள் குனிந்து, கட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். அவள் குனிந்து பார்த்து வாசித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பதினோராவது நாள் எழுந்து, பழைய போர்வை ஒன்றை எடுத்து ஆர்கன் மேல் போர்த்தினாள்.

"கைதான் போச்சுன்னு நெனச்சேன். காலும் போயிருச்சுங்க" என்றாள். அழவில்லை. அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஐப்பசி மழையில் கட்டைகள் உப்பி, இரண்டு இறுகிப்போயின. வாசிக்க ஆள் இல்லாவிட்டாலும் இறுகிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மெழுகு தேய்க்கப் போனேன். கழற்றி மாட்டும்போது ஏதோ உறுத்தியது. டேப்பை எடுத்து முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை பிடித்தேன். பிளானில் இருப்பதைவிட ஒன்றரை அங்குலம் அதிகம். மூன்று தடவை பிடித்தேன். மூன்று தடவையும் அதிகம். அதை எல்லாப் பள்ளங்களுக்கும் ஒன்றுபோலப் பிரித்துவிட்டிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் சரியாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக முக்கால் அங்குலம் தள்ளிவிடும். கண் ஏமாந்தாலும் அவள் கால் ஏமாறவில்லை.

நான் சந்தோஷத்தில் கத்தினேன். பொருள் தப்பாக வந்ததற்கு என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். "உன் கால் சரியாத்தேன் இருக்கு! சட்டந்தேன் தப்பு! டேப்பைப் பாரு!" என்று அவளை இழுத்துவந்து காட்டினேன். அவள் டேப்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பத்து நாளா என்னைய என்ன வெரட்டு வெரட்டுனீங்க?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அன்று வீட்டில் கறி எடுத்தோம்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அகரத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஆசாரியை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் மறைக்கவே இல்லை.

"நாந்தேன் கூட்டுனேன்ணே. நீங்க குடுத்த நீளம் மனையடிக் கணக்குக்கு ஆகாது. விரயத்துல விழுகுது. கட்டில், வாசக்கால், எதுன்னாலும் கணக்குப் பாக்காம நாங்க அறுக்குறதில்ல. அதுவும் சொகமில்லாதவுக கால் படுற சாமான். தெரிஞ்சே எப்படி வெட்டுவேன்? ஒன்றரை இஞ்சு கூட்டுனா நோய் தீருற கணக்கு. அம்புட்டுத்தேன்."

என் மனைவி பிழைக்க வேண்டும் என்று நான் டேப்பைப் பிடித்தேன், அவரும் பிடித்திருக்கிறார். திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.

"சரி ஆசாரி. இப்ப பழைய அளவுல ஒண்ணு செஞ்சு குடுங்க."

"வேற ஆளைப் பாருங்கண்ணே. அந்த அளவுல என் கை வெட்டாது. கோவிச்சுக்காதீக."

வேறு ஆளிடம் போக எனக்கு மனமில்லை, அவரும் ஏதாவது கூட்டிக் குறைத்துவிடுவாரோ என்று பயம். நானே செய்வது என்று முடிவு செய்தேன். படம் போட்ட பேப்பரைப் பலகையில் ஒட்டி, பள்ளம் பள்ளமாக உளியால் எடுத்து, சரியில்லை என்று தூக்கிப்போட்டு, மறுபடி எடுத்து, கார்த்திகை போய், மார்கழி போய், தை வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் பலகையைப் பிடிக்கும் இடது கையிலும் நடுக்கம் வந்திருந்தது. பலகையோடு சேர்ந்து அதுவும் ஆடியது. நான் பார்க்காத மாதிரி அறுப்பேன். கவ்வி ஒன்று வாங்கி வந்து பலகையை மேசையோடு இறுக்கிவிட்டேன். அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான் செய்தேன். பிடிக்க வேலை இல்லாமல் போனதும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தை கடைசியில் முடித்தேன். முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை அளந்தேன். பிளானில் உள்ளது எதுவோ அதுவே இருந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து அவளைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அவளாகவே போர்வையை எடுத்து மடித்து வைத்தாள்.

அதே பாட்டு. நடுவில் சரியாக மிதித்தாள். ஓரத்துக்குக் கால் போனது. தப்பியது. மறுபடி போனது. போகும்போதே கால் வழியில் தயங்கி நின்றதைப் பார்த்தேன். கட்டை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை தொடங்கினாள். இப்போது நடுவிலும் தப்பியது.

நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த முறை குறை சொல்ல எனக்கு மரம் இல்லை, ஆசாரி இல்லை, மழை இல்லை. கடையில் ஒரு பாகம் தேய்ந்துவிட்டால் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதைக் கொடுப்பேன். முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன். எனக்கு வேறெதுவும் தெரியாது.

அவள் கட்டைமேலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்: "அளவு சரியா இருக்காங்க?"

"இல்ல" என்றேன். "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளித்தேன் இருக்கு. என் வேலை லட்சணம் அப்படி."

என் கையிலிருந்த டேப்பை அவள் ஒரு பார்வை பார்த்தாள். வாங்கி அளந்து பார்க்கவில்லை. "நெனச்சேன்" என்றாள். "சரி பண்ணுங்க. அப்புறம் வாசிக்கிறேன்."

அதிலிருந்து காலை வேளையில் ஷெட்டில் உட்கார்ந்து, எதற்கும் உதவாத துண்டுக் கட்டைகளை எடுத்து இழைக்கிறேன். அவள் உள்ளே படுத்திருப்பாள். இழைப்புளி சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். சில நாள் கை ஓய்ந்துபோய்ச் செத்த நேரம் நிறுத்திவிடுவேன். உடனே உள்ளேயிருந்து குரல் வரும்.

"என்னங்க, முடிஞ்சிருச்சா?"

பயந்துபோய்த்தான் கேட்கிறாள். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கும் குரல், எனக்குத் தெரியாதா?

"இல்ல, இன்னுங் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.