ஒட்டக்கூடாத கல்

நாகலூர் எஸ்டேட்டில், மூட்டை தைக்கும் முன் காப்பிக்கொட்டைக்குள் காந்தம் ஓட்டிப் பார்ப்பது என் அம்மாவின் வேலை. ஆணியோ கம்பித் துண்டோ கிடந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் அது. மத்தியானச் சோற்றுக்கு வரும்போதும் மடியிலேயே இருக்கும்.

நான் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. சாதாரணக் காந்தத்தில் அணுக்களின் காந்த முட்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். நான் உலையில் வளர்த்த படிகத்தில் ஓர் அடுக்கு மேலே பார்த்தால் அடுத்த அடுக்கு கீழே பார்க்கும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால் வெளியே எதுவும் தெரியாது. எதிர்ஃபெரோகாந்தம் என்பார்கள். போதாததற்கு டோபாலஜி வகை வேறு. உள்ளே மின்சாரத்தை விடாது, மேல்தோலில் ஓடவிடும்.

இந்த ஒழுங்கு கடுங்குளிரில்தான் நிற்கும். ஆனால் என் படிகங்களில் சில, அறைச் சூட்டிலும் மெல்லிய காந்தத்தன்மை காட்டின. யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டதாக எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முள்ளை அசைத்தால் அந்த அசைவு பக்கத்து முட்களுக்கு அலையாகப் பரவும். அந்த அலையை நியூட்ரான் பாய்ச்சி அளக்க, அந்த வசதி உள்ள வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு வருஷம் காத்திருந்து முறை வாங்கியிருந்தேன். வழியில் ஒரு நாள் வீட்டில் தங்கல். மறுநாள் சேலம் போய் ரயில் பிடிக்க வேண்டும்.

டப்பாவைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். நகத்தளவில், வெள்ளி மினுப்போடு ஆறு படிகங்கள்.

"காந்தக் கல்லுன்னியே, ஒட்டுமா கண்ணு?"

"ஒட்டவே ஒட்டாதும்மா. அதுதான் இதோட விசேஷம்."

நான் தடுப்பதற்குள் அம்மா மடியிலிருந்து காந்தத்தை எடுத்து நீட்டிவிட்டாள். முதல் படிகம் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒட்டுதே சாமி! நொம்ப நல்ல கல்லு!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படிகம் வளரும்போது அதிலுள்ள மாங்கனீசும் பிஸ்மத்தும் மட்டும் தனியே கூடிக்கொண்டால், அந்தத் துணுக்கு அறைச் சூட்டிலேயே நல்ல காந்தம். நான் கண்டுபிடித்தது அந்த அழுக்கைத்தான். ஆய்வகம் நிறையக் கருவிகள் இருந்தும், ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் மேலேயே எரிச்சலாக வந்தது.

டப்பாவை மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். ஆனால் மற்ற ஐந்தும் என்ன செய்யும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒட்டும்போதெல்லாம் அம்மா கை தட்டினாள்.

"ஆறுக்கு நாலு ஒட்டிருச்சு. பாசுதான கண்ணு?"

"ஃபெயிலும்மா. ஒட்டவே கூடாது." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. மீதி இரண்டின் மேலும் காந்தத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"அப்ப இந்த ரெண்டு? அசையவே மாட்டேங்குதே. இதுதான நீ சொன்ன கல்லு?"

அறைச் சூட்டில் ஒன்றுமே காட்டவில்லை என்று, அந்த இரண்டையும் தேறாதவையாக ஒதுக்கியதே நான்தான். அளக்க நினைத்திருந்தது மற்ற நான்கை; இவை சும்மா ஒப்பிட்டுப் பார்க்க டப்பாவில் கிடந்தவை.

என் வழிகாட்டிக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் காலை அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.