பேபி ஆஸ்டினுக்குப் பட்டாளத்து சைலன்சர்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்த பத்ரிநாராயணன், கல்லூரியில் பதினேழு வருஷமாகத் தர்க்கசாஸ்திரம் சொல்லிக்கொடுத்து வந்தார். ஒரு விஷயம் தமக்குத் தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெண்டைக்காய் ஏன் வழுக்குகிறது என்று கேட்டாலும் சரி, ஜப்பான் ஏன் சண்டைக்கு வந்தது என்று கேட்டாலும் சரி, "இதை இப்படிப் பார்க்கணும்" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் முடிப்பதற்குள் கேட்டவருக்குத் தாம் என்ன கேட்டோம் என்பது மறந்து போயிருக்கும்.

நாற்பத்திரண்டில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அவர் ஓடவில்லை. பட்டணத்தின் பரப்பைத் தம் வீட்டின் பரப்பால் வகுத்துப் பார்த்து, பயப்பட இடமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அந்தச் சமயம், கோயமுத்தூருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த ஒரு பல் டாக்டர் தம்முடைய பேபி ஆஸ்டின் காரை இவர் தலையில் கட்டிவிட்டு ரயிலேறினார். பெட்ரோல் கூப்பன் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலம். கார் கொல்லைக் கொட்டகையிலேயே நான்கு வருஷம் நின்றது. அதன் பின் ஸீட்டில் பூனை மூன்று தடவை குட்டி போட்டது.

யுத்தம் முடிந்து நாற்பத்தாறில் பத்ரிநாராயணன் காரைக் கிளப்பினார். கிளம்பியது. ஆனால் அடியிலிருந்த சைலன்சர் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. அது போட்ட சத்தத்தில் சந்துக்கோடியில் கட்டியிருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு குளத்துப் படிக்கட்டில் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு வேம்பு, மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ரிடையரானவர், பாதி க்ஷவரம் செய்த முகத்தோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

காரில் போகும்போது பத்ரிநாராயணனும் அவர் மனைவி ஜெயலக்ஷ்மியும் பேசிக்கொள்ள முடியாது. அவள் ஏதாவது சொன்னால் அவர் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். லஸ் முனையில் நிற்கும் கான்ஸ்டேபிள் அம்மாசி ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா சாமி இது, வண்டியா, பட்டாசுக் கடையா? அடுத்த வாட்டி இப்டி வந்தீங்கன்னா பேர் எழுதிக்குவேன்."

மவுண்ட் ரோடில் விசாரித்ததில், புது சைலன்சர் வேண்டுமானால் சீமையிலிருந்து கப்பல் வரவேண்டும் என்றார்கள். எந்தக் கப்பல், எப்போது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

"யாராவது மெக்கானிக்கைக் கூப்பிட்டு எதையாவது வச்சு அடைக்கச் சொல்லும்" என்றார் வேம்பு. "நீர் மட்டும் கையை வச்சுடாதேயும். ஆயுசுல ஒரு ஆணியை நேரா அடிச்சிருக்கீரா?"

அந்தக் கேள்விதான் வினையாக முடிந்தது. காரின் கைப்புத்தகத்தை பத்ரிநாராயணன் இரண்டு தடவை படித்து, முக்கியமான இடங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். சனிக்கிழமை கல்லூரி விட்டதும், பட்டாளத்தார் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கும் ஷரீஃப்பின் கடையைத் தேடிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனார்.

கடையில் சைலன்சர் இருந்தது. புதுசு, பச்சை வர்ணம் அடித்தது, ஓர் ஆள் நீளம்.

"சார், இது மிலிட்டரி லாரியோடது" என்றார் ஷரீஃப். அறுபது வயதிருக்கும், சாந்தமான மனுஷர். "உங்க வண்டியே இம்மாந்தான் கீது."

"பெரிய சத்தத்தை அடக்கறது சின்ன சத்தத்தை அடக்குமா, அடக்காதா?"

ஷரீஃப் யோசித்துப் பார்த்தார். "அடக்கும்."

"அப்புறம் என்ன?"

"மாட்டணுமே சார். குழாய்க்குக் குழாய் சேராது. நான் நாளைக்கு வூட்டாண்ட வந்து பாக்கறேனே?"

"வேண்டாம். ஆத்துல நானே மாட்டிடுவேன்."

 ஷரீஃப் சூடு தாங்கும் கல்நார்க் கயிறு ஒரு சுருளைச் சும்மா கொடுத்து, "சந்து விழுந்தா இதைச் சுத்துங்க" என்றார். சைலன்சரை ஒரு ரிக்ஷாவில் ஏற்றியபிறகு அதில் மனிதர் உட்கார இடமில்லை. மயிலாப்பூர் வரைக்கும் சைலன்சர் ரிக்ஷாவில் வந்தது. பத்ரிநாராயணன் பக்கத்தில் நடந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளாக அமைந்தது. ஜெயலக்ஷ்மி முதல் நாளே தியாகராய நகரில் பனகல் பார்க் பக்கத்திலிருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் சத்தமில்லாத காரில் போய் அவளை அழைத்துவருவது என்று திட்டம். ஜாக்கியைப் போட்டுக் காரைத் தூக்கி, நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டு, பாயை விரித்து அடியில் நுழைந்தார் பத்ரிநாராயணன்.

பழைய சைலன்சரைக் கழற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஸ்பானரை வைத்ததும் அது தானாகவே பொடிப்பொடியாக அவர் முகத்தில் உதிர்ந்தது. வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடி நுழைந்தார். புதுசைத் தூக்கி வைத்துப் பார்த்தார். ஷரீஃப் சொன்னது சரிதான். எஞ்சினிலிருந்து வரும் குழாய் கட்டைவிரல் மொத்தம். லாரி சைலன்சரின் வாயோ குழந்தை கையை விட்டு எடுக்கலாம் போலிருந்தது. ஒரு முனையில் பெரியதாகவும் மறுமுனையில் சின்னதாகவும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும்.

நூலால் இரண்டு வாயையும் அளந்து, அளவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஓவல்டின் டின் பெரியது. பால் டின் தகரம் மெல்லிசு. ஊதுகுழல் ஒல்லி. சொம்பின் கழுத்து பொருந்தியது. ஆனால் அது பெருமாளுக்குத் தீர்த்தம் வைக்கும் சொம்பு. கடைசியில் சமையலறை அலமாரியில், கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் காப்பி ஃபில்டர் கண்ணில் பட்டது. அதன் மேல்பாகத்தின் வாயில் நூலைச் சுற்றினார். மயிரிழை வித்தியாசம் இல்லை.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணத்துக்கு ஜெயலக்ஷ்மியின் பிறந்தகத்தில் கொடுத்தது அது. காரும் வீட்டு உபயோகத்துக்குத்தான், ஃபில்டரும் வீட்டு உபயோகத்துக்குத்தான், ஆகவே ஒன்றை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதில் உபயோகம் குறையப்போவதில்லை என்று ஒரு வழியாகத் தமக்குத்தாமே நிரூபித்துக்கொண்டார். பிறகு உளியை எடுத்து, பொடி ஓட்டைகள் போட்ட அதன் அடிப்பாகத்தில் வட்டமாகத் துளை போட்டார்.

சின்னக் குழாய் துளையில் நுழைந்தது. பெரிய வாயில் ஃபில்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. கல்நார்க் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். பின்பக்கத்தில் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சைலன்சரைத் துணி உலர்த்தும் கம்பியால் தூக்கிக் கட்டினார். மூன்று மணிக்கு எஞ்சினைப் போட்டபோது, ஓடுகிறதா இல்லையா என்று பானெட்டில் காதை வைத்துக் கேட்கவேண்டியிருந்தது. வேம்புவின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வேம்புவுக்கு கார் வந்ததே தெரியவில்லை. ஹாரன் அடித்தபிறகுதான் எட்டிப் பார்த்தார்.

"ஆணியெல்லாம் இதுல கிடையாது ஓய்" என்று சொல்லிவிட்டு பத்ரிநாராயணன் கிளம்பினார்.

திரும்பி வரும்போது ஜெயலக்ஷ்மி மடியில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆச்சரியம்.

"ஏன்னா, சத்தமே காணோமே."

"எல்லாம் ஒரு கணக்குதான்."

கொஞ்ச தூரம் போனதும் அவள் மூக்கை உறிஞ்சினாள். "எங்கேயோ காப்பி வாசனை வரதே."

"பக்கத்துல ஹோட்டல் இருக்கும்."

"எந்த ஹோட்டல்? பாண்டி பஜார்லேர்ந்து கூடவே வந்துண்டிருக்கு."

பத்ரிநாராயணன் ஹாரன் அடித்தார். எதிரில் யாரும் இல்லை.

லஸ் முனையில் டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டி ஒரு குதி குதித்தது. துணிக்கம்பி அறுந்தது. லாரி சைலன்சர் தொப்பென்று இறங்கித் தண்டவாளத்தில் நங்கூரம் போட்டதுபோல் மாட்டிக்கொண்டது. அதே நொடியில் இணைப்பு பிடுங்கிக்கொண்டு, நான்கு வருஷமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வெடித்த மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் மயிலாப்பூர் டிராம் வந்து நின்று மணியடித்தது.

அம்மாசி அவசரமில்லாமல் நடந்து வந்தார். "சத்தம் போட்டாத்தானே கேஸுன்னு, ஒரேடியா ரோட்டையே அடைச்சுட்டீங்களா சாமி?"

டிராம் கண்டக்டர் இறங்கி வந்து காரின் அடியில் குனிந்து பார்த்தார். சாலையில் உருண்டு கிடந்த ஒன்றைத் துணியால் பிடித்துத் தூக்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிராமில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள்.

"காப்பி ஃபில்டரு" என்று அவர்களுக்கு அறிவித்தார் கண்டக்டர். "பேர் வெட்டிக்கீது. ப. ஜெயலக்ஷ்மி. யார்மா அது?"

 பத்ரிநாராயணன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயலக்ஷ்மி வெற்றிலைக் கூடையை ஸீட்டில் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கண்டக்டரிடம் போய், "என்னுதுதான்" என்று கையை நீட்டித் துணியோடு வாங்கிக்கொண்டாள். உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தாள். அடிப்பாகத்தின் வழியாக லஸ் சர்ச் ரோடு முழுவதும் தெரிந்தது.

"ஏன்னா" என்றாள் மெதுவாக. "நாளைக்குக் கார்த்தால காப்பிக்கு என்ன பண்றதா உத்தேசம்?"

பத்ரிநாராயணன் வாயைத் திறந்தார். இதை இப்படிப் பார்க்கணும் என்று வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. "தெரியலை" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றுதான் கேட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து டிராமில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆறு பேர் இறங்கி வந்து காரையும் சைலன்சரையும் அப்படியே அலாக்காகத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அம்மாசி கேஸ் எழுதவில்லை. சித்திரக்குளம் வரைக்கும் தாமே ஒரு கை கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்து, மோர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஷரீஃப் வீட்டுக்கே வந்தார். ராயப்பேட்டையில் கடை வாசலில் டிராமை நிறுத்தி பச்சை சைலன்சர் யார் கடைச் சரக்கு என்று தெரிந்திருந்த அந்தக் கண்டக்டர்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தார். கொல்லையில் காரின் அடியில் நுழைந்த ஷரீஃப், கழன்ற சைலன்சரைக் குழாயோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, "அந்த ஃபில்டரைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று கேட்டு வாங்கினார்.

"யாரு சார் இந்த ஐடியா சொன்னது?"

"நானேதான்" என்றார் பத்ரிநாராயணன், சுருதி இறங்கி.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல கீறேன். எனக்குத் தோணலை சார். கூம்பு மாதிரி அப்டியே சேருது. பித்தளை துருவும் புடிக்காது. சைலன்சரு நீட்டுதான் தப்பு. பாதியா அறுத்துட்டு, நல்ல பட்டை போட்டுக் கட்டினா ஆச்சு." அவர் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார். "நீங்க குடுத்தாத்தான் அம்மா. இல்லாங்காட்டி வேற தேடறேன்."

"அடி போனதை வச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்? எடுத்துக்கோங்கோ. ஆனா மாட்டறச்சே நான் பாக்கணும்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

ஒரு முக்காலியைப் போட்டுக் காரின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஷரீஃப் அறுத்தார், துளை போட்டார், பட்டையை முறுக்கினார். கல்லூரிக்கு லீவு போட்டிருந்த பத்ரிநாராயணன் ஸ்பானர்களை வரிசைப்படி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே கொடுத்தார். கேள்வி கேட்டதெல்லாம் அவள்தான். புகை எங்கிருந்து வருகிறது, அந்தக் குழாய் ஏன் சுடுகிறது, இந்தப் பெடலை மிதித்தால் எது அசைகிறது. ஷரீஃப் அடியில் படுத்தபடியே ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னார். பதினோரு மணிக்கு வண்டி தயாரானது. பூனை பானெட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைப் போட்டும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அடையாறு பாலம் தாண்டிக் காற்று வாங்கப் போனார்கள். காரில் ஒருவர் பேசுவது ஒருவருக்கு வழி முழுவதும் காதில் விழுந்தது. தங்கை வீட்டு விவகாரம், கருவடாம் போடவேண்டியது, வேம்புவின் பெண்ணுக்கு வந்த வரன் என்று ஜெயலக்ஷ்மி பேசிக்கொண்டே வந்தாள். அவருக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆள் நடமாட்டமில்லாத ஓர் இடத்தில் மரநிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"நீங்க இந்தப் பக்கம் வாங்கோ. நான் ஓட்டிப் பாக்கறேன்."

"ஓட்டறதுன்னா சும்மாவா? முதல்ல கியர்ங்கறது என்னன்னா, எஞ்சினோட சுழற்சிக்கும் சக்கரத்தோட சுழற்சிக்கும்..."

"க்ளட்ச் இடது காலுக்குத்தானே? ஷரீஃப் பாய் சொன்னார். நகருங்கோ."

பத்ரிநாராயணன் இறங்கிச் சுற்றி வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார். முதல் தடவை வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை நகர்ந்தது. ஆலமரங்களுக்கு நடுவே, மாட்டு வண்டி வேகத்தில், நேராகப் போயிற்று. எதிரில் வந்த தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

மறுவருஷம் மாசி மாதம் ஜெயலக்ஷ்மிக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதன்பிறகு கல்லூரிக்கு அவரைக் கொண்டுவிடுவதும் அழைத்துவருவதும் அவள்தான். இடதுபக்கம் உட்கார்ந்து வருவதில் ஒரு சௌகரியம் இருப்பதை அவரும் கண்டுகொண்டார்: லஸ் வருவதற்குள் பேப்பரில் பாதி படித்துவிடலாம்.